கோலாலம்பூரில் உங்கள் முதல் நாவலை நீங்களே வெளியிட: அச்சகத்துக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

என் முதல் நாவல் ஒரு காதல் கதை. செந்தூலில் வேலை பார்க்கும் ஒரு தாதி. பதினெட்டு வருடங்களாகப் பேசிக்கொள்ளாத அவளுடைய அப்பாவும் அத்தையும். விடியற்காலை நான்கு மணிக்கு வெற்றிலை வாசத்தோடு வீட்டுக்குள் வந்து போகும், இறந்துபோன பாட்டி. எழுதி முடிக்க இரண்டு வருடம் ஆனது. அதைப் புத்தகமாகக் கையில் பிடிக்க இன்னும் ஒன்றரை வருடம். அதில் எட்டு மாதமும் ஏறக்குறைய மூவாயிரம் வெள்ளியும் (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வீணாகப் போயின. கதையால் அல்ல, வேலைகளை முன்பின்னாகச் செய்ததால்.

எங்கே விசாரித்தாலும் "அச்சடிச்சிடுங்க, மத்ததைப் பார்த்துக்கலாம்" என்றுதான் சொன்னார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அச்சு என்பது பல வேலைகளுக்குப் பிறகு வர வேண்டியது. நான் செய்த தவறுகளைக் கழித்துவிட்டு, செய்ய வேண்டிய வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். தொகைகளில் அரசாங்கக் கட்டணம் என்று குறிப்பிடாதவை எல்லாம் நான் கொடுத்தவை. உங்களுக்குக் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

1. ஆவிக்கு ஒரு தாள், காலத்துக்கு ஒரு தாள்

கதையை முடித்த பிறகு, யாரிடமும் கொடுப்பதற்கு முன், இரண்டு தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தாளில் உங்கள் கதையில் வரும் அமானுஷ்யத்தின் விதிகளை எழுதுங்கள். பாட்டி எப்போது வருவார்? யார் கண்ணுக்குத் தெரிவார்? பொருளைத் தொட முடியுமா? பேசுவாரா? நான் இதைச் செய்யவில்லை. ஏழாம் அத்தியாயத்தில் பாட்டி பேத்தியின் கோப்பையை நகர்த்தி வைக்கிறார். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் பூஜை மணியை எடுக்க முடியாமல் அதன் பக்கத்திலேயே நின்று தவிக்கிறார். அந்த இடத்தில்தான் மகனுக்கும் மகளுக்கும் இடையில் முதல் பேச்சு தொடங்கும், கதையின் உயிரான காட்சி. "கோப்பையைத் தூக்கினவங்க மணியைத் தூக்க மாட்டாங்களா?" என்று கதையைத் திருத்திச் செம்மையாக்கியவர் ஒரே வரியில் கேட்டார். ஏழாம் அத்தியாயத்தை மாற்றி எழுத மூன்று வாரம் ஆனது. பேய்க்கதையை நம்பத் தயாராக இருக்கும் வாசகர்கூட, நீங்களே போட்ட விதியை நீங்களே மீறினால் புத்தகத்தை மூடிவிடுவார்.

இரண்டாம் தாளில் வருடக் கணக்கு. யார் எந்த வருடம் பிறந்தார், ரப்பர்த் தோட்டத்தை விட்டு எப்போது டவுனுக்கு வந்தார்கள், சண்டை எந்தத் தீபாவளிக்கு. மூன்று தலைமுறை வரும் குடும்பக் கதையில் இந்தத் தாள் இல்லாவிட்டால் அத்தைக்கும் அப்பாவுக்கும் வயது மாறிப்போகும்.

2. வீட்டாரிடம் முதலில் காட்டுங்கள்

இதற்குப் பணம் செலவில்லை, நிரப்ப வேண்டிய பாரம் எதுவும் இல்லை. ஆனால் இதைத் தள்ளிப் போட்டால் பிறகு எதுவும் சரியாக வராது.

குடும்பம் பிரிந்து சேரும் கதையை நம்மில் பெரும்பாலோர் நம் வீட்டிலிருந்துதான் எடுக்கிறோம். பெயரை மாற்றுகிறோம், ஊரை மாற்றுகிறோம். ஆனால் சொந்தக்காரர்கள் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். புத்தகம் வெளியீட்டு மேடைக்கு வந்த பிறகு அவர்கள் கண்டுபிடிக்கக் கூடாது.

நான் என் அத்தையிடம் கொடுத்தது அச்சடித்த நாற்பது பக்கம். காஜாங்கில் அவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் படித்தார். நான் தேநீர் ஆற்றிக்கொண்டு நின்றேன். சண்டை வரும் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "உங்கப்பா மேலயே எல்லாப் பழியும் போட்டிருக்கியேம்மா. அன்னிக்கு நானும்தான் பேசினேன். அதையும் எழுது" என்றார். எனக்குத் தெரியாத ஒரு வாக்கியத்தையும் சொன்னார், அவர் அன்று என் அப்பாவிடம் சொன்னதை. அதை அப்படியே சேர்த்தேன். என் நாவலைப் படித்தவர்கள் எல்லோரும் குறிப்பிட்டுச் சொல்லும் பக்கம் அதுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: யாருடைய வாழ்க்கையை எடுத்தீர்களோ அவருக்கு அந்தப் பக்கங்களைத் தாளில் கொடுங்கள், கைப்பேசியில் அனுப்பாதீர்கள். ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். நோய், மணவிலக்கு, தத்து, கடன் இந்த நான்கையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் அச்சேற்றாதீர்கள்.

3. கதையில் வரும் சட்ட விவரங்களைச் சரிபாருங்கள்

காதல் கதையில் பதிவுத் திருமணம் வராமல் இருக்காது. காதலர்கள் வீட்டை விட்டு ஓடிவந்து அன்று மதியமே பதிவு செய்துகொள்வதாக எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். இங்கே முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. வழக்கமான முறையில் விண்ணப்பித்த பிறகு அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்கும், அதற்குப் பிறகுதான் பதிவு. பொதுவாக வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 21க்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். மணமாகி இரண்டு வருடத்துக்குள் மணவிலக்கு மனு போடுவதும், மிகக் கடினமான சூழ்நிலைக்கென்று உள்ள விதிவிலக்கைத் தவிர, முடியாது. இருவரில் ஒருவர் முஸ்லிம் என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது, மற்றவர் மதம் மாறாமல் திருமணம் நடக்காது. இந்த விதிகள் கதைக்கு இடைஞ்சல் என்று நினைக்காதீர்கள். அந்த 21 நாள் என் நாவலில் மூன்று அத்தியாயம் ஆனது. தங்கள் பெயர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது, யார் பார்ப்பார்களோ என்ற பயம் அது.

அமானுஷ்யம் எழுதும்போது கோயில் பெயரில் கவனம் வையுங்கள். தோட்டத்து முனீஸ்வரர் கோயில் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உண்மையாக இருக்கும் ஒரு கோயிலின் பெயரைப் போட்டு அங்கே நடக்காத ஒன்றை எழுதினால் அந்தக் கோயில்காரர்கள் மனம் புண்படும். பெயரை மாற்றுங்கள். இன்னொரு மதத்தாரின் நம்பிக்கையைப் பயமுறுத்தும் பொருளாக ஆக்காதீர்கள். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் பொது ஒழுங்குக்குக் கேடு என்று கருதும் நூலைத் தடை செய்ய உள்துறை அமைச்சருக்கு அதிகாரம் கொடுக்கிறது.

அப்புறம், சினிமாப் பாட்டு. காதலன் காரில் ஒலிக்கும் பாட்டின் நான்கு வரிகளை நான் எழுதியிருந்தேன். பாடல் வரிக்கும் பதிப்புரிமை உண்டு. இங்கே எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 50 வருடமும், இந்தியாவில் 60 வருடம். அனுமதி வாங்கப் போய் அலையாதீர்கள். வரிகளை எடுத்துவிட்டு, அந்தப் பாட்டைக் கேட்டதும் அவள் என்ன செய்தாள் என்று எழுதுங்கள்.

4. செம்மையாக்கம்

இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். நான் கொடுத்தது 1,200 ரிங்கிட், மூன்று மாதம் ஆனது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களில் இந்த வேலையை மிக நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கத்தின் நிகழ்ச்சிக்கு இரண்டு முறை போய் உட்கார்ந்தால் யார் செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

வேலை தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: விவரிப்பில் ஒற்றுப் பிழை திருத்தலாம், உரையாடலில் நம் பேச்சைத் தொடக் கூடாது. நான் முதலில் இணையம் வழியாகத் தமிழ்நாட்டில் ஒருவரிடம் கொடுத்தேன். நல்ல மனிதர், கவனமாகச் செய்தார். ஆனால் "பசியாறிட்டீங்களா" என்று பாட்டி கேட்பதை "டிபன் சாப்பிட்டீங்களா" என்று மாற்றிவிட்டார். "நூறு வெள்ளி" எல்லாம் "நூறு ரூபாய்" ஆகிவிட்டது. லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), பால் வெட்டு (ரப்பர் பால் எடுப்பது), மண்டோர் (மேற்பார்வையாளர்) என்ற ஒவ்வொரு சொல்லுக்கும் கேள்விக்குறி. ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட எனக்கு இரண்டு மாதம்.

5. பதிப்பாளர் யார் என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு வழி. உங்கள் பெயரிலேயே தனிநபராக வெளியிடலாம். அல்லது ஒரு சிறு பதிப்பகம் பதிவு செய்து அதன் பெயரில் வெளியிடலாம். ஒரு புத்தகம்தான் என்றால் முதல் வழியே போதும். அடுத்தடுத்து எழுதும் எண்ணம் இருந்தால், மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில், அதாவது எஸ்எஸ்எம்மில், ஒருவர் மட்டும் நடத்தும் தனியுரிமைத் தொழிலாகப் பதிவு செய்யுங்கள். அடையாள அட்டையில் உள்ள உங்கள் பெயரிலேயே என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வேறு பெயர் வைத்தால் 60 ரிங்கிட். ஈசிபிஸ் தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம்.

நாவலுக்கு உள்துறை அமைச்சின் பெர்மிட் வேண்டும் என்று ஒருவர் என்னைப் பயமுறுத்தினார். அந்தப் பெர்மிட் நாளிதழுக்கும் தொடர்ந்து வரும் பத்திரிகைக்கும்தான், தனி நூலுக்கு இல்லை. அதுபோலவே பதிப்புரிமை. எழுதி முடித்த உடனே அது உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. ஆதாரம் வேண்டும் என்று நினைத்தால் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் தன்விருப்பமாக அறிவிக்கலாம்.

இங்கே பெரிய பொறி "நாங்களே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று வரும் சேவைகள். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் 1,500 வெள்ளி முன்பணம் கொடுத்து ஐந்து மாதம் காத்திருந்தேன், ஒரு பக்கம்கூட வரவில்லை. பணமும் வரவில்லை. கையெழுத்து போடும் முன் நான்கு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு நூலுக்கும் உள்ள அடையாள எண்) யார் பெயரில்? எத்தனை பிரதி, எந்தத் தேதிக்குள்? மறுபதிப்பு உரிமை யாருக்கு? வடிவமைத்த மூலக் கோப்பை எனக்குத் தருவீர்களா? நான்காவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

6. ஐஎஸ்பிஎன்: இலவசம், ஆனால் அச்சுக்கு முன்

மலேசியாவில் ஐஎஸ்பிஎன் கொடுப்பது தேசிய நூலகம். ஜாலான் துன் ரசாக்கில், இஸ்தானா புடாயா பக்கத்தில் இருக்கிறது. விண்ணப்பம் இணையத்தில். கட்டணம் இல்லை. "ஐஎஸ்பிஎன் வாங்கித் தர 200 வெள்ளி" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

நான் தயாராக வைத்திருந்தவை: அடையாள அட்டை நகல், தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கத்தின் வரைவு, முன்னுரை, உத்தேசப் பக்க எண்ணிக்கை, விலை. தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்திலும் எழுத வேண்டியிருந்தது. இதில் ஒரு சிக்கல். என் தலைப்பில் 'மழை' என்ற சொல் உண்டு. ஒரு பாரத்தில் 'ழ'வுக்கு இசட்-எச் போட்டேன், இன்னொன்றில் எல் போட்டுவிட்டேன். ஒரே புத்தகம் ஓரிடத்தில் மழையாகவும் ஓரிடத்தில் மலையாகவும் இருந்தது. கடிதம் எழுதித் திருத்தினேன். ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, அட்டையின் பின்புறத்திலிருந்து பாரம் வரை அதையே பயன்படுத்துங்கள்.

எண் 13 இலக்கம். 978இல் தொடங்கி, அடுத்து 967 அல்லது 629 போன்ற மலேசியாவின் எண் வரும். அச்சுப் புத்தகத்துக்கு ஒரு எண், மின்னூலுக்குத் தனி எண். சென்னையில் அச்சிட்டாலும் பதிப்பாளர் இங்கிருக்கும் நீங்கள் என்றால் எண் இங்கிருந்துதான். அதே சமயத்தில் நூலகப் பட்டியல் குறிப்புக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். 'பெர்புஸ்தாகாஆன் நெகாரா மலேசியா' என்ற தலைப்போடு பதிப்புரிமைப் பக்கத்தில் வருமே, அதுதான். அதுவும் அச்சுக்கு முன்பே கேட்க வேண்டியது. எனக்கு இரண்டும் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் முடிந்தன. நீங்கள் ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள்.

பதிப்புரிமைப் பக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அச்சகத்தின் பெயரும் முகவரியும், பதிப்பாளரின் பெயரும் முகவரியும் புத்தகத்தின் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ இருக்க வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டுச் சட்டம். அதுவும் மலாயிலோ ஆங்கிலத்திலோ. தமிழ்ப் புத்தகம்தானே என்று தமிழில் மட்டும் போட்டுவிடாதீர்கள். தனிநபர் என்றால் உங்கள் முகவரி ஆயிரம் பேர் கையில் போகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இந்தக் காரணத்துக்காகவே சிலர் பதிப்பகம் பதிவு செய்கிறார்கள்.

7. பக்க வடிவமைப்பு: இங்கேதான் எழுத்து உடையும்

என் கதாநாயகியின் பெயர் கோமதி. முதல் முறை நான் அவசரப்பட்டு நூறு பிரதி அடித்தேன், ஒன்று 14 ரிங்கிட். பெட்டியைப் பிரித்து முதல் புத்தகத்தை எடுத்து 9ஆம் பக்கத்தைத் திறந்தேன். 'கோமதி' என்று இல்லை. தனியாக ஒரு 'க', அதன் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அந்த வட்டத்தைச் சுற்றி இரட்டைக் கொம்பும் காலும், பிறகு 'மதி'. புத்தகம் முழுக்க, அவள் பெயர் வரும் எல்லா இடத்திலும். நூறையும் பழைய தாளுக்குப் போட்டேன்.

காரணம் எளிது. வடிவமைத்தவருக்குத் தமிழ் தெரியாது, இன்டிசைன் மென்பொருளில் தமிழுக்கு வேண்டிய அமைப்பை மாற்றவில்லை. பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி' என்ற தேர்வைப் போட்டால்தான் கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டும். கேளுங்கள், திரையில் காட்டச் சொல்லுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பது இன்னும் நல்லது. நான் இரண்டாம் முறை பக்கத்துக்கு 4 ரிங்கிட் கொடுத்தேன், 240 பக்கத்துக்கு 960.

முழு நாவலையும் கொடுக்கும் முன் ஒரு சோதனைப் பக்கம் கொடுங்கள். அதில் கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ, ஜூ, ஞெ எல்லாம் வரட்டும். அதைத் திரையில் பார்க்காதீர்கள், தாளில் அச்சடித்துப் பாருங்கள்.

கோப்பு யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றும்போது சில எழுத்துகள் கெடும். 'ஔவை' என்பது ஒகரமும் ளகரமுமாக 'ஒள' என்று வந்திருக்கும், 'கௌரி' என்பது கொம்பும் ளகரமும் சேர்ந்து 'கெள' என்று வந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பது, மூன்று முறை. ஒரு முறை நீங்கள், ஒரு முறை வேறொருவர், கடைசி முறை நீங்கள் வாய்விட்டுப் படித்து. பக்க எண்ணிக்கையை 16இன் மடங்கில் வைத்தால் தாள் வீணாகாது. என் 233 பக்கத்தை 240 ஆக்கி, மிச்சத்தில் குடும்ப மரம் போட்டேன். வாசகர்கள் அதற்கு நன்றி சொன்னார்கள்.

8. அட்டை

450 ரிங்கிட் கொடுத்தேன். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போடாதீர்கள். படம் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும், நான்கு பக்கமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடச் சொல்லுங்கள். முதுகின் தடிமன் தாளைப் பொறுத்தது, ஆகவே அச்சகம் சொன்ன பிறகுதான் அட்டையை முடிக்க முடியும்.

பின்னட்டையில் உங்கள் கதையில் ஆவி வருகிறது என்பதை மறைக்காதீர்கள். குடும்பக் கதை என்று நம்பி வாங்கியவர் நடுவில் பாட்டி வருவதைக் கண்டு ஏமாந்ததாக உணர்வார். அந்தப் பாட்டிக்காகவே வாங்கக்கூடியவருக்கோ புத்தகம் கண்ணில் படாமல் போகும்.

9. அச்சகம்

மூன்று இடத்தில் விலை கேளுங்கள், ஒரே விவரத்தோடு. நான் கொடுத்த விவரம்: ஏ5 அளவு, 240 பக்கம், உள்ளே கறுப்பு வெள்ளை, 80 கிராம் சிமிலி தாள், அட்டை 260 கிராம் ஆர்ட் கார்டு, மேட் பூச்சு, பசை ஒட்டு, 300 பிரதி. இப்படிக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். எனக்குக் கிடைத்த மிகக் குறைந்த விலை பிரதிக்கு 11 ரிங்கிட் 50 சென், மொத்தம் 3,450.

300க்கு டிஜிட்டல் அச்சு போதும். ஆயிரத்தை நெருங்கினால் ஆஃப்செட்டில், அதாவது தகடு செய்து அடிக்கும் முறையில், ஒரு பிரதியின் விலை நன்றாக இறங்கும். அந்த விலை இறக்கத்தைப் பார்த்து மயங்கி ஆயிரம் அடித்தவர்களின் வீட்டில் கட்டிலுக்கு அடியில் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். முதல் நாவலுக்கு 300, அதிகம் போனால் 500.

பணத்தில் பாதி முன்பணமாகக் கேட்பார்கள், அது வழக்கம். ஆனால் மாதிரிப் பிரதி ஒன்றைக் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்க்காமல் 'அடிக்கலாம்' என்று சொல்லாதீர்கள். பிடிஎஃப் கோப்பில் எழுத்துருக்கள் உட்பொதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கணினியில் நன்றாக இருந்தது அங்கே மாறிவிடும்.

காலம் முக்கியம். சீனப் புத்தாண்டுக்கு அச்சகங்கள் ஒரு வாரத்துக்கு மேலும் மூடியிருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நாள்காட்டி, டைரி வேலை. சாதாரண மாதத்தில் மூன்று வாரம், அந்த மாதங்களில் ஆறு வாரம் என்று கணக்குப் போடுங்கள்.

10. ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படையுங்கள்

1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சு நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளை உங்கள் செலவில் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் அபராதம் உண்டு. அச்சகத்திலிருந்து பெட்டி வந்த அன்றே ஐந்தை எடுத்துத் தனியாகக் கட்டி வைத்துவிடுங்கள், விற்பனை மும்முரத்தில் மறந்துவிடும். நேரில் கொடுத்து ரசீது வாங்கினேன்.

11. வெளியீட்டு விழா

நம் ஊரில் புத்தகம் விற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள டான்ஸ்ரீ சோமா அரங்கில் எத்தனையோ நூல்கள் வெளிவந்திருக்கின்றன. ஆனால் முதல் நாவலுக்கு அவ்வளவு பெரிய இடம் தேவையில்லை. நான் ஒரு சிறு மண்டபத்தில் வைத்தேன். மண்டபமும் மாலைத் தேநீரும் சேர்த்து 1,300 ரிங்கிட், எண்பது பேர்.

முதல் நூலை வாங்குபவர், சிறப்பு நூல்களை வாங்குபவர்கள் என்று மேடைக்கு வருவோர் உறையில் விலைக்கு மேல் வைத்துக் கொடுப்பது இங்கே வழக்கம். அன்று வந்த உறைகளில் என் அச்சுச் செலவில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஆனால் அதை நம்பிக் கடன் வாங்கி அச்சடிக்காதீர்கள். உறையைப் பிரித்து எழுத நம்பிக்கையான இருவரை மேசையில் உட்கார வையுங்கள். யார் எத்தனை பிரதி எடுத்தார் என்ற பெயர்ப் பட்டியல் வேண்டும். அடுத்த நாவலுக்கு நீங்கள் முதலில் அழைக்கப் போவது அந்தப் பட்டியலைத்தான்.

எல்லோருக்கும் ரசீது கொடுங்கள். புத்தகம் வாங்கிய செலவை வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவின் கீழ் காட்டலாம், அந்தக் கழிவின் மொத்த உச்சவரம்பு 2,500 ரிங்கிட். இதைச் சொல்லிக் கொடுத்தபோது ஆசிரியர்கள் சிலர் மூன்று பிரதிகளாக வாங்கினார்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது தைப்பூசம், தீபாவளிக்கு முந்தைய மாதம், பள்ளி விடுமுறை மூன்றையும் தவிர்க்கவும். மூன்று வாரத்துக்கு முன்பே தமிழ் நாளேடுகளின் ஞாயிறு பதிப்புக்கும் மின்னல் எஃப்எம் வானொலிக்கும் ஒரு பக்கச் செய்திக்குறிப்பும் அட்டைப்படமும் அனுப்புங்கள்.

12. கடைகள், கணக்கு

விலை 30 ரிங்கிட் வைத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா பக்கத்திலும் புத்தகம் வைத்த கடைகள் விற்ற பிறகு பணம் தரும் முறையில் 35 விழுக்காடு எடுத்துக்கொண்டன. எனக்கு ஒரு பிரதிக்கு 19 ரிங்கிட் 50 சென். பத்துப் பிரதிக்கு மேல் ஒரு கடையில் வைக்காதீர்கள். எத்தனை கொடுத்தீர்கள், எந்தத் தேதி என்று இரண்டு படி எழுதி இருவரும் கையெழுத்து போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் போங்கள், கைப்பேசியில் கேட்டால் "இன்னும் இருக்கு" என்ற பதில்தான் வரும். ஒரு கடையில் என் எட்டுப் புத்தகம் பஞ்சாங்கக் கட்டுக்குப் பின்னால் ஒரு வருடம் கிடந்தது.

மின்னூலாகவும் போடலாம். அமேசான் கிண்டில் தமிழ் மின்னூலை ஏற்கிறது. பதிவு செய்யும்போது வரி விவரம் கேட்பார்கள். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி உடன்படிக்கை இல்லாததால் அமெரிக்க விற்பனையில் கிடைக்கும் உரிமத்தொகையில் 30 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள்.

செம்மை, வடிவமைப்பு, அட்டை, அச்சு எல்லாம் சேர்த்து எனக்கு 6,060 ரிங்கிட், விழாவோடு 7,360. தவறில் போனது இதில் சேரவில்லை. 300இல் நூலகத்துக்கு ஐந்து, அன்பளிப்பாகப் பதினைந்து. மிச்சம் 280இல் 231 விற்றிருக்கின்றன.

13. மறுபதிப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

வாசகர்கள் சொல்லும் பிழைகளைப் பக்க எண்ணோடு அன்றைக்கே எழுதி வையுங்கள். எழுத்துப் பிழை மட்டும் திருத்தி மறுபடி அச்சடித்தால் அதே ஐஎஸ்பிஎன் போதும். அத்தியாயம் சேர்த்தால், கதையை மாற்றினால் புதிய எண் வாங்க வேண்டும்.

என் நோட்டில் இதுவரை முப்பத்தொரு பிழை. அதில் ஒன்று அத்தை சொன்னது, 112ஆம் பக்கம்: "எங்கம்மா குளிக்காம வெத்தல போட மாட்டாங்க. நாலு மணிக்கு வந்தா ஈரத்தலையோடதான் வருவாங்க." அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஆமாம் என்று தலையாட்டினார். அடுத்த அச்சில் பாட்டி ஈரத்தலையோடு வருவார்.